ஒரு சாண் வானம்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமையில் எல்லாரும் கூரையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும், தார்சாவில் சாரல் அடிக்கிறது, பட்டாசலின் கண்ணாடி ஓட்டில் பாசி பிடித்துவிட்டது, முற்றத்துக் கம்பியின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டலாமா வேண்டாமா என்று பேச்சு வளரும். கூரையை முற்றிலும் மூடிவிட இவ்வூர்க்காரர்களுக்கு மனம் வராது. வெயில், மழை இரண்டுமே உக்கிரமாகப் பொழியும் ஊர்களில் கூரை ஓர் அரண். சாரல் விழும் ஊரில் அது பேரம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியம். எவ்வளவு நனையலாம் என்பதை ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே முடிவு செய்துகொள்கிறது.

அண்மைக் காலமாக இந்தப் பேரம் கார்களுக்குள்ளும் வந்துவிட்டது. ஆய்க்குடிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் சூரியகாந்தி பூக்கும்போது வெளியூர்க் கார்கள் வயலோரம் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அவற்றில் பலவற்றின் உச்சியில் ஒரு கண்ணாடிப் பலகை பின்னோக்கி நகர்ந்திருக்கும். அந்தச் சதுரத்தின் வழியே பிள்ளைகள் இடுப்பளவு வெளியே எழுந்து நின்று கையசைப்பார்கள். ‘சன்ரூஃப்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். கூரைக் கண்ணாடி என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அதை எவ்வளவு தூரம் திறக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் இது என்ன கேள்வி என்று நண்பர்கள் நினைக்கக்கூடும். எங்கள் வீட்டில் ஐந்தாண்டுகளாக மிகுந்த விவாதத்துக்கு உள்ளான கேள்வி இது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறோம். காரணம் பின்னால் வரும்.

*

காரின் கூரையில் வழி வைக்கும் யோசனை புதியதன்று. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1937ஆம் ஆண்டிலேயே இத்தகைய கூரையுடன் கார்களை விற்றது. நம் ஊருக்கு அது வர நெடுங்காலம் ஆயிற்று. அம்பாசிடரிலும் பியட்டிலும் வளர்ந்த தலைமுறைக்குக் காற்று வேண்டுமென்றால் கதவுக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். வானம் வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த கூரைக் கண்ணாடி, 2015க்குப் பிறகு நடுத்தரக் குடும்பத்தினர் வாங்கும் கார்களுக்கும் இறங்கிவந்தது. மாருதி நிறுவனம் 2022இல் பிரெஸ்ஸாவில்தான் முதன்முறையாக மின்விசையால் திறக்கும் கூரைக் கண்ணாடியைக் கொடுத்தது. 2023இல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற சிறிய வண்டிகளிலும் அது உண்டு. இன்று கார் வாங்கப் போகிறவர்களின் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். வாங்கிய பிறகு அதை எவ்வளவு திறப்பது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் திறக்கிறது. முழுவதும் திறப்பதே திறப்பது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

நம் பழைய அளவைகளை இங்கே கையாள்வது வசதியாக இருக்கிறது. பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். கூரைக் கண்ணாடிக்கு மூன்று நிலைகள் உண்டு என்று கொள்ளலாம். பின்விளிம்பு மட்டும் இரண்டு மூன்று விரற்கடை மேலெழும்புவது முதல் நிலை. ஒரு சாண் அளவு பின்னோக்கி நகர்வது இரண்டாம் நிலை. ஏறத்தாழ ஒரு முழமோ அதற்கு மேலோ முற்றாகத் திறந்துகொள்வது மூன்றாம் நிலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது.

விரற்கடை நிலையைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை. வெயிலில் நின்ற காருக்குள் வெப்பக் காற்று கூரையை ஒட்டித் தேங்கி நிற்கும். பின்விளிம்பை உயர்த்திவிட்டு வண்டியை நகர்த்தினால், கூரையின்மேல் விரைந்தோடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து, உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியேற்றிவிடும். அடுப்பங்கரையின் புகைபோக்கி செய்யும் வேலை இது. கண்ணாடி முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருப்பதால், வண்டி ஓடும்போது மெல்லிய சாரல் அதன்மேல் வழுக்கிப் போய்விடும்; உள்ளே இறங்குவது அரிது.

முழ நிலையின் குணம் வேறு. அங்கேதான் வண்டி பேசத் தொடங்குகிறது.

*

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குக் குடத்தின் ஒலி தெரிந்திருக்கும். வில்லின் மணிகளும் உடுக்கும் மேலே ஒலிக்க, கீழே குடம் ‘தும்’ என்று நெஞ்சில் இறங்கும். அந்த ஒலியை எழுப்புவது குடத்தின் சுவர் மட்டுமன்று. உள்ளே அடைபட்ட காற்று வாய் வழியே போய்வரும் அசைவும்கூட. வயிறு பெரிதாக இருந்தால் ஒலி தாழும். வாய் அகன்றால் ஒலி உயரும். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த விதியை ஆராய்ந்து, 1863இல் இசையொலிகளைப் பற்றி எழுதிய பெருநூலில் விளக்கினார். அதனால் இவ்வகை ஒத்ததிர்வு அவர் பெயராலேயே வழங்குகிறது.

கூரைக் கண்ணாடி திறந்து, பக்கக் கண்ணாடிகள் எல்லாம் மூடிய காரும் ஒரு குடம்தான். குடத்தின் வாயைப் பாடகரின் கை தட்டுகிறது. காரின் வாயைக் காற்று தட்டுகிறது. திறப்பின் முன்விளிம்பில் காற்று சிறு சிறு சுழல்களாகப் பிய்ந்து, பின்விளிம்பில் போய் மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் உள்ளிருக்கும் காற்றை ஒரு முறை அழுத்துகிறது. அந்த மோதலின் வேகமும் உள்காற்றின் இயல்பான அதிர்வும் ஒன்றாகும்போது வண்டி முழுவதும் ‘தும் தும் தும்’ என்று அடித்துக்கொள்ளும். காரின் வயிறு பெரிதென்பதால் அதிர்வு நொடிக்கு இருபதை ஒட்டியே இருக்கும். மனிதச் செவியின் கீழெல்லையும் ஏறத்தாழ அதுவே. ஆகையால் அது ஒலியாகக் கேட்பதைவிடச் செவிப்பறையில் குத்தும் அழுத்தமாகவே தெரியும். குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். முதியவர்களுக்குத் தலை வலிக்கும்.

இதனாலேயே, பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முழுவதும் திறக்காமல் சற்று முன்னதாகவே நின்றுவிடும்படி சில கார்களை அமைத்திருக்கிறார்கள். மறுபடி அழுத்தினால்தான் மிச்சமும் திறக்கும். கூரைக் கண்ணாடி பழுது என்று நினைத்து, இந்த இடைநிறுத்தத்தைச் சரிசெய்யச் சொல்லிப் பணிமனைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அது, இந்த அளவோடு நிற்பது நலம் என்று வண்டியைச் செய்தவர்கள் விட்டுவைத்த குறிப்பு. பின்பக்கக் கண்ணாடி ஒன்றை இரண்டு விரற்கடை இறக்கினாலும் துடிப்பு அடங்கிவிடும். குடத்தில் துளை விழுந்தால் ஒலி போய்விடுவதைப் போல.

தென்காசிச் சாலையில் இதற்கு இன்னொரு நுட்பம் உண்டு. திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக வரும்போது நாம் மேற்கு நோக்கி வருகிறோம். ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று நேரெதிரே வரும். அந்தக் காற்றை நம்பித்தான் இங்கே இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. வண்டியின் வேகம் ஐம்பது, எதிர்க்காற்றின் வேகம் இருபத்தைந்து என்று வைத்துக்கொண்டால், கூரையின்மேல் ஓடும் காற்றுக்கு வேகம் எழுபத்தைந்து. திரும்பும்போது அதே ஐம்பதில் வந்தாலும் கூரைக்கு இருபத்தைந்துதான். ஆகவே போகும்போது துடித்த அதே திறப்பு வரும்போது வாய் மூடிக்கொண்டு வரும். வேகமானியைப் பார்த்துத் திறப்பின் அளவை முடிவு செய்ய முடியாது. சாலையோரத் தென்னையின் ஓலை எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

*

இத்தனையையும் நாங்கள் கற்றுக்கொண்டது எங்கள் அக்காவுக்காக.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் மாடிப்படியிலிருந்து விழுந்ததில் அக்காவின் கழுத்துத் தண்டுவடம் ஐந்தாம் எலும்பின் மட்டத்தில் நசுங்கியது. தோளை உயர்த்துவாள், முழங்கையை மடக்குவாள், நீட்ட முடியாது. விரல்கள் அசையா. மழையும் வெயிலும் தொடுகையும் அவளுக்கு முகத்திலும் கழுத்திலும் தோளிலும் மேற்கையின் ஒரு பகுதியிலும் மட்டுமே தெரியும். அதற்குக் கீழே உடல் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிந்துகொள்ள வேண்டும். பயணத்தின்போது கழுத்துக்குப் பட்டை கட்டிக்கொண்டு, முன்னிருக்கையைச் சற்றே பின்சாய்த்து, இடுப்புக்கும் மார்புக்கும் பட்டி போட்டு அமர்த்துவோம். பட்டையோடு பக்கவாட்டில் திரும்ப முடியாது. எனவே காரின் நான்கு சன்னல்களும் அவளுக்கு இல்லாதவைதாம். எங்களுக்குப் பாவூர்சத்திரத்துச் சந்தை தெரியும், குளத்து நாரை தெரியும், தூரத்து மலை தெரியும். அவளுக்குத் தெரிவது காரின் உள்கூரையில் ஒட்டிய சாம்பல்நிறத் துணி. ஐந்தாண்டுகளுக்கு முன் கூரைக் கண்ணாடியுள்ள ஒரு பழைய காரை வாங்கியபோதுதான் அவளுக்கென்று ஒரு சன்னல் கிடைத்தது.

முதல் பயணத்தில் அவள் பேசவே இல்லை. ஆலங்குளம் தாண்டியபின், “மின்கம்பியெல்லாம் இவ்வளவு நெருக்கமாகவா ஓடுது?” என்று கேட்டாள். மேலே மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு உலகம் வேறு பொருள்களால் ஆனது என்பது எங்களுக்கு அன்று தெரிந்தது. புளிய மரங்களின் அடி எங்களுக்கு, கிளைகள் அவளுக்கு. காற்றாலையின் கால் எங்களுக்கு, இறக்கை அவளுக்கு. ஒரு மேகம் எங்கே பிரிந்தது, எங்கே சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

சிக்கல் திறப்பதில்தான் வந்தது. கழுத்துத் தண்டுவடம் பழுதுபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை. உடல் தன் சூட்டைத் தானே சமன்செய்துகொள்ளும் ஆற்றலை இழந்துவிடுகிறது. நமக்குப் புழுக்கமாகப் படும் வெயில் அவர்களுக்குக் காய்ச்சலாகவே ஏறிவிடலாம். பங்குனி, சித்திரையில் கூரைக் கண்ணாடியின் உட்திரையை விலக்கினாலே நாங்கள் ஈரத்துணியையும் நீர் தெளிக்கும் குப்பியையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிரும் அப்படியே. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அவ்வுடலால் முடியாது. இருமும் தசைகள் தளர்ந்திருப்பதால், நமக்கு மூன்று நாள் சளியாகப் போவது அவர்களுக்கு நுரையீரல் அழற்சியாக முடியக்கூடும். அம்மாவின் அச்சம் முழுவதும் இதில்தான். சாரல் என்றாலே அம்மா கண்ணாடியை மூடச் சொல்வாள். “ஏட்டி, நெஞ்சுல சளி கட்டுச்சுன்னா யாரு பாக்கது?” என்பது அவள் வாதம். மறுக்க முடியாத வாதம்; மருத்துவர்களும் அதையே சொல்கிறார்கள்.

அக்காவின் வாதம் வேறு. “மழ எனக்கு மூஞ்சில மட்டுந்தாம்மா பெய்யுது. அதையும் மூடிட்டா எப்படி?” என்றாள் ஒரு நாள். வண்டிக்குள் எவரும் பேசவில்லை. அம்மாதான் சற்று நேரம் கழித்து, “ஒரு துண்ட நெஞ்சுல போட்டுட்டுத் தெறங்க” என்றாள்.

அன்றுமுதல் எங்கள் வண்டியில் ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. சாரலில் ஒரு சாண். அதற்கு மேல் இல்லை. வேகம் முப்பதுக்கு மேல் கூடாது. நெஞ்சில் தடித்த துண்டு. கால் மணி நேரம் முடிந்ததும் மூடிவிட்டு முகத்தையும் கழுத்தையும் துடைத்து, உலர்ந்த துணி மாற்ற வேண்டும். வலுத்த மழை என்றால் திறப்பதே இல்லை. தம்பியின் பிள்ளைகளுக்கு இது நெடுநாள் மனத்தாங்கல். முழுவதும் திறக்கச் சொல்வார்கள். எழுந்து நிற்கக் கேட்பார்கள். “அத்தைக்கு ஒரு சாண்னா ஒங்களுக்கும் ஒரு சாண்தான்” என்று தம்பி முடித்துவிடுவான்.

எழுந்து நிற்பதைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஓடும் வண்டியில் கூரைக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு இருக்கைப் பட்டி கிடையாது. ஓட்டுபவர் திடீரென்று தடைமிதியை அழுத்தினால், அப்பிள்ளையின் வயிறோ நெஞ்சோ கழுத்தோ திறப்பின் விளிம்பில்தான் மோதும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பட்டியோ அவர்களுக்குரிய இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஆயிரம் ரூபாய் பெரிதன்று. கழுத்தெலும்பின் ஐந்தாம் மட்டம் என்றால் என்னவென்று அறிந்த வீட்டில் அபராதத்தைக் காட்டி யாரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை. சூரியகாந்தி வயலோரம் அந்தப் பிள்ளைகள் கையசைக்கும்போது நாங்கள் எவரும் திரும்பக் கையசைப்பதில்லை.

*

அக்காவை நாங்கள் அழைத்துச் செல்வது ஆய்க்குடிக்குத்தான். தென்காசிக்குப் பக்கத்தில், அனுமன் நதிக் கரையில், பாலசுப்பிரமணியர் கோயிலால் அறியப்பட்ட ஊர் அது. மாற்றுத்திறனாளிகளும் அவர்களது குடும்பத்தினரும் அதை அறிந்திருப்பது வேறொரு காரணத்தால். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குச் சென்ற இடத்தில், உடல்திறன் சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்து ஊர் திரும்பிய எஸ். இராமகிருஷ்ணன் என்ற இளைஞர், உலக ஊனமுற்றோர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த 1981இல் இங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தண்டுவடக் காயமடைந்தோருக்கான மறுவாழ்வுப் பயிற்சியும் இன்று அங்கே நடைபெறுகிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஊரின் பெயர் இலக்கிய அன்பர்களுக்கு வேறொன்றையும் நினைவூட்டும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஆய் அண்டிரன் பொதியில் மலைப் பகுதியை ஆண்டவன். புறநானூறு குறிப்பிடும் அவனது ஆய்குடி இந்த ஊரே என்று கொள்வாரும் உளர். அவனை மிகுதியாகப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். அவர் பெயரின் முன்னொட்டு உடற்குறையைக் குறிப்பதென்று அறிஞர்கள் கருதுவர். கால் ஊன்ற இயலாத ஒருவர் உறையூரிலிருந்து பொதியில் வரை எப்படி வந்திருப்பார்? மாட்டு வண்டியிலா, பிறர் தோளிலா? வந்த வழியெல்லாம் எதைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்? ஆய்க்குடிக்கு வண்டி திரும்பும்போதெல்லாம் எங்களுக்கு இந்த எண்ணம் வருவதுண்டு. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே பெயருள்ள ஊரின் கதையில் இரு முறை உடல் தளர்ந்தவர்கள் நடுநாயகமாக வருவது தற்செயலாகவே இருக்கலாம். தற்செயல் என்றே கொண்டாலும் மனத்துக்கு அது ஒரு துணை.

ஆய் வள்ளலைப் பற்றிச் சிறுபாணாற்றுப்படை கூறும் செய்தி ஒன்றும் உண்டு. நாகம் தந்த அரிய ஆடையை அவன் ஆலமரத்தடியில் அமர்ந்த இறைவனுக்குச் சாத்தினான் என்பது அது. பேகன் மயிலுக்குப் போர்வை தந்ததைப் போலவே இதையும் கொடைமடம் என்று கொண்டாடுகிறோம். மயிலும் இறைவனும் போர்வை கேட்கவில்லை என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. கேளாமல் தருவது கொடையின் உச்சம் என்பது நம் மரபு. நோயுற்ற ஒருவரைப் பேணும் வீட்டில் இந்த மரபு சற்றே இடறுகிறது. அங்கே போர்த்துவதும் திறப்பதும் கேட்டபின் செய்ய வேண்டிய காரியங்கள். குளிருமே என்று நாமாக மூடுவதும், பாவம் வானம் பார்க்கட்டுமே என்று நாமாகத் திறப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள்தாம்.

*

இங்கேதான் பொத்தான் என்ற சிறு பொருள் பெரிதாகிறது. கூரைக் கண்ணாடியின் பொத்தான் இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே, தலைக்குமேல் இருக்கிறது. முழங்கையை நீட்ட முடியாதவளுக்கு அது வானத்தைவிடத் தூரம். திறக்கவும் கேட்க வேண்டும். மூடவும் கேட்க வேண்டும். இன்னும் கொஞ்சம் என்பதற்கும் கேட்க வேண்டும். ஒரு நாளில் தண்ணீருக்கும், முகத்தில் அமர்ந்த ஈக்கும், நழுவிய தலையணைக்கும் எத்தனையோ முறை கேட்டுச் சலித்தவள், வானத்துக்கும் கேட்பதா என்று பேசாமல் இருந்துவிடுவாள். அந்த மௌனத்தைப் போதும் என்பதாக நாம் எடுத்துக்கொள்ளலாகாது.

எக்ஸ்டர் வந்தபோது அதன் கூரைக் கண்ணாடி குரலுக்குத் திறக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். ‘வானத்தைப் பார்க்க வேண்டும்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சொன்னாலும் திறக்குமாம். மற்றவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. குரல் ஒன்றே கையாகவும் இருக்கும் ஒருவருக்கு அது கருவி. செய்தியைப் படித்துக் காட்டியபோது அக்கா நெடுநேரம் சிரித்தாள். “எவ்வளவு வானம்னு கேக்குமா?” என்றாள். அந்தத் தொடரில் அளவு இல்லை என்பதை அவள்தான் கவனித்தாள்.

எங்கள் காரில் அந்த வசதி இல்லை. அதற்குப் பதிலாக எண்களைப் பழக்கிக்கொண்டோம். அக்கா “நாலு” என்றால் நான்கு விரற்கடை. “எட்டு” என்றால் எட்டு. “சாண்” என்றால் சாண். “சரி” என்றால் மூட வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஓட்டுபவர் கண்ணாடியின் விளிம்பைப் பார்த்துப் பொத்தானைத் தொட்டுத் தொட்டு நகர்த்துவார். பழகியபின் ஒரு விரற்கடைகூடப் பிசகுவதில்லை. எண் சொல்வது கெஞ்சுவதைப் போல இல்லை என்று அக்கா ஒருமுறை சொன்னாள். அம்மாவுக்கும் ஒரு சொல் உண்டு. “துண்டு” என்று அவள் சொல்லிவிட்டால் நேரம் முடிந்தது என்று பொருள். அக்கா அதற்கு மறுப்பதில்லை. இரண்டு அதிகாரங்கள் ஒரே கூரையின்கீழ் இப்படி ஒத்துப்போவதற்கு எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று.

போன ஆடியில், ஆய்க்குடியிலிருந்து திரும்பும் வழியில் குற்றாலத்துக்குப் போனோம். பேரருவிக்கு அருகில் கூட்டத்துக்குள் சக்கர நாற்காலியைக் கொண்டு செல்ல இயலாது. காரை எவ்வளவு தூரம் விடுவார்களோ அவ்வளவு தூரம் சென்று ஓரமாக நிறுத்தினோம். அருவி தெரியவில்லை; இரைச்சல் மட்டும் கேட்டது. நின்ற வண்டியில் காற்றின் துடிப்பு இல்லை. வேகக் கணக்கு இல்லை. சாரலும் விட்டிருந்தது. அக்கா எண் சொல்லாமல், “முழுசா” என்றாள். ஐந்தாண்டுகளில் அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுவே முதன்முறை. நாங்கள் அம்மாவைப் பார்த்தோம். அம்மா துண்டை எடுத்து அவள் கழுத்துவரை போர்த்திவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடி கடைசிவரை நகர்ந்து நின்றது. மலைமுகட்டிலிருந்து இறங்கிய மேகம் வண்டியின்மேல் மிக மெதுவாகப் போயிற்று. பத்து நிமிடம் இருக்கும். பிறகு அவளே “சரி” என்றாள்.

*

இத்தகைய வண்டி வைத்திருப்போருக்குப் பயன்படக்கூடிய சில செய்திகளையும் சொல்லிவிடுவோம். கூரைக் கண்ணாடியின் விளிம்பில் உள்ள ரப்பர் பட்டை நீரை முழுவதும் தடுத்து நிறுத்தும் என்று எண்ண வேண்டா. கசியும் நீரை ஏந்திக்கொள்ளக் கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்காலும், மூலைகளில் அந்நீரைக் கீழே இறக்கும் மெல்லிய குழாய்களும் உண்டு. கோடைக்காற்றில் வரும் புழுதியும் வேப்பம்பூவும் புளிய இலையும் அந்த வாய்க்காலில் படிந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு மழைநீர் உள்கூரைத் துணி வழியே தலையில் சொட்டும். வைகாசி முடிவதற்குள், ஓட்டைப் பார்ப்பதைப் போலவே இதையும் பார்த்துவிட வேண்டும். ஈரத்துணியால் வாய்க்காலைத் துடைத்து, ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றி, அது வண்டிக்கு அடியில் இறங்குகிறதா என்று கவனித்தால் போதும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, குழாய் கழன்றுவிடும்.

வெயிலில் நின்ற வண்டிக்கு மூன்று விரற்கடை. ஓடும் வண்டிக்கு, காற்றின் திசை பார்த்து, ஒரு சாண். துடிப்பு எழுந்தால் பின்கண்ணாடியைச் சற்று இறக்கலாம், அல்லது திறப்பைக் குறைக்கலாம். முழுவதும் திறப்பது வண்டி நின்றபின் வைத்துக்கொள்ள வேண்டியது. பிள்ளைகளின் தலை எப்போதும் கூரைக்குக் கீழேயே இருக்கட்டும். இவை பொது விதிகள். வண்டியில் திரும்ப முடியாத, எழ முடியாத, கை நீட்ட முடியாத ஒருவர் இருந்தால் இந்த விதிகளுக்கு முன் இன்னொரு விதி வந்துவிடுகிறது: பொத்தானைத் தொடுவதற்கு முன் அவரிடம் எண் கேட்க வேண்டும்.

சித்திரை வெயில் தணிந்து, வைகாசி பாதி ஆகிவிட்டது. வாய்க்காலைத் துடைத்துவிட்டோம். இந்த ஆண்டு தம்பியின் மூத்த பெண்ணுக்கு முன்பக்கத்தில் அமரும் வயது வந்துவிட்டது. ஆனால் முன்னிருக்கை அத்தையுடையது என்பதால், நடுவில் குனிந்து பொத்தானைத் தொடும் உரிமையை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதுவும் வண்டியை நிறுத்தியபின் மட்டுமே. அளவு தெரிய வேண்டுமே என்று தன் கைவிரல்களை அத்தையின் விரல்களோடு சேர்த்துவைத்து, பன்னிரண்டு விரற்கடைக்கு இருவர் கணக்கிலும் எவ்வளவு வித்தியாசம் வருகிறதென்று அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.